கழற்றிய கையே பூட்டட்டும்: அடிபட்ட வண்டியை நண்பர்களோடு மீட்பது எப்படி

கேள்வி: என் மோட்டார் சைக்கிள் முன்பக்கம் மோதிக் கீழே விழுந்தது. அதன் பிறகு எட்டு மாதம் வெளியிலேயே நின்றுவிட்டது. ஹேண்டில் கோணலாக இருக்கிறது, டேங்க் நசுங்கித் துருப்பிடித்திருக்கிறது, எஞ்சின் ஸ்டார்ட் ஆவதில்லை. மூன்று நண்பர்கள் கைகொடுக்கிறோம் என்கிறார்கள். யாரும் மெக்கானிக் இல்லை. நாங்களே சரிசெய்ய முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?

முடியும். எஞ்சின் ஓடாதது, டேங்க் நசுங்கியது, விளக்கு உடைந்தது எல்லாம் நான்கு பேர் பொறுமையாக உட்கார்ந்தால் சரியாகிவிடும் வேலைகள். சேசிஸ், அதாவது வண்டியின் எலும்புக்கூடான இரும்புச் சட்டம், ஒன்றுதான் உங்கள் கைக்கு அடங்காதது. அதனால் முதல் நாள் ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். நண்பர்கள் ஸ்பேனரோடு வந்து நிற்பார்கள், எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அன்றைக்கு மட்டும் யாரும் எதையும் கழற்ற வேண்டாம். பார்ப்பது, அளப்பது, படம் எடுப்பது, எழுதுவது, அவ்வளவுதான். காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் பேசி முடிக்கும் வரையிலும் எதையும் தொட வேண்டாம்.

முதலில் வண்டியை நன்றாகக் கழுவுங்கள். அழுக்குக்கு அடியில் விரிசல் தெரியாது. கழுவிக் காய்ந்த பிறகு, ஹேண்டில் திரும்புகிற தண்டு சேசிஸுக்குள் போகும் கழுத்துப் பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்க மோதலின் விசை முழுவதும், முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் கால்களான ஃபோர்க் வழியாக அங்கேதான் வந்து சேரும். கழுத்துக்குப் பின்னால், கீழே இறங்கும் குழாய்களில் பெயின்ட் சுருங்கியிருக்கிறதா, மயிரிழை போல வெடித்திருக்கிறதா, வெல்டிங் ஓரத்தில் துரு கோடாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு வளையும்போது பெயின்டால் கூடவே வளைய முடியாது, உதிரும். அதனால் பெயின்ட் சொல்வதை நம்பலாம். ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது தடுத்து நிறுத்தும் சிறு கட்டை ஒன்று இருக்கும். அது நசுங்கியிருந்தால், விழுந்தபோது ஹேண்டில் பலமாகச் சுழன்று இடித்திருக்கிறது என்று அர்த்தம். டேங்கில் இருக்கும் பள்ளமும் பெரும்பாலும் அதே இடியில் ஹேண்டிலே உண்டாக்கியதுதான்.

அடுத்தது அளவு. இரண்டு சக்கரங்களின் ஆக்சில் மையங்களுக்கு இடையிலான தூரம் உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். முன்சக்கரத்தை நேராக வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். கையேட்டு அளவைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் ஃபோர்க்கோ கழுத்தோ பின்னால் போயிருக்கிறது. அப்புறம் நூல் பிடித்துப் பாருங்கள். பின்டயரின் இரண்டு பக்கமும் ஆக்சில் உயரத்தில் நூலை ஒட்டி இழுத்து, முன்டயரைத் தாண்டிக் கொண்டுபோய் இறுக்கிப் பிடிக்க வேண்டும். முன்டயர் ஒல்லியாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி இருக்க வேண்டும். இது தனியாளால் ஆகாது. இரண்டு பேர் நூலைப் பிடிக்க வேண்டும், ஒருவர் ஹேண்டிலை நேராக வைத்திருக்க வேண்டும், ஒருவர் அளக்க வேண்டும். உங்கள் நான்கு பேருக்கும் முதல் வேலை இதுதான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சரிபாருங்கள்: செயின் அட்ஜஸ்டர் ஒரு பக்கம் அதிகமாக இழுக்கப்பட்டிருந்தால் பின்சக்கரமே கோணலாக நிற்கும், நூலும் பொய் சொல்லும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து பின் ஆக்சிலின் மையம் வரை இரண்டு பக்கமும் ஒரே அளவாக வைத்துக்கொண்டு அதன் பிறகு நூலைக் கட்டுங்கள்.

கழுத்தில் விரிசலோ சுருக்கமோ இருந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். சேசிஸை ஜிக் என்ற அளவுச் சட்டத்தில் ஏற்றி நிமிர்த்தும் ஆட்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் வேலை. வீட்டில் சங்கிலி கட்டி இழுத்தோ, காய்ச்சி வளைத்தோ நிமிர்த்திய கழுத்தை நம்பி யாரும் வேகமாகப் போகக் கூடாது. சேசிஸ் எண் பொறித்திருக்கும் இடமும் பெரும்பாலும் கழுத்துப் பக்கம்தான். அந்த எண்மீது சாணைக்கல்லோ வெல்டிங்கோ படவே கூடாது. வண்டியின் அடையாளமே அதுதான்.

சேசிஸ் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஹேண்டில் கோணல். இதைப் பார்த்ததும் பலர் ஃபோர்க் வளைந்துவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். மெதுவாக விழுந்த வண்டிகளில் பெரும்பாலும் எதுவும் வளைந்திருக்காது. ஃபோர்க் குழாய்கள் தங்களைப் பிடித்திருக்கும் கிளாம்புகளுக்குள் சற்றே முறுக்கிக்கொண்டு நின்றிருக்கும். முன் ஆக்சில், மட்கார்டு போல்ட்டுகள், கீழ்க் கிளாம்பு, மேல்க் கிளாம்பு எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, ஒருவர் முன்னால் நின்று சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் ஹேண்டிலைத் திருப்பினால் நேராக வந்துவிடும். பிறகு முதலில் கிளாம்புகளை இறுக்கி, முன்பக்கத்தைப் பிடித்து நான்கைந்து முறை நன்றாக அமுக்கிவிட்டு, கடைசியில் ஆக்சிலை இறுக்க வேண்டும். அமுக்காமல் இறுக்கினால் இரண்டு கால்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஷாக் அப்சார்பர் சரியாக வேலை செய்யாது.

இப்படியும் நேராகவில்லை என்றால் ஃபோர்க்கைக் கழற்ற வேண்டும். உங்கள் வண்டி மோதியே விழுந்திருப்பதால், நேராகிவிட்டாலும் நான் கழற்றித்தான் பார்ப்பேன். குழாயைத் தடித்த கண்ணாடிப் பலகைமேல் வைத்து மெதுவாக உருட்டுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு விளக்கை வையுங்கள். உருளும்போது அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் வளைவு இருக்கிறது. எவ்வளவு என்று தெரிய, குழாயைத் தாங்கும் வி-பிளாக்கும் நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜும் வேண்டும். பல கையேடுகள் அனுமதிக்கும் வரம்பு 0.2 மி.மீ. தான், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு. சிறிய வளைவைப் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருவார்கள். ஆனால் குழாயில் மடிப்பு விழுந்திருந்தாலோ குரோமியப் பூச்சு வெடித்திருந்தாலோ நிமிர்த்தச் சொல்லாதீர்கள், புதிது வாங்குங்கள்.

ஃபோர்க் கையில் இருக்கும்போதே கழுத்து பேரிங்கையும் பாருங்கள். முன்பக்கம் அந்தரத்தில் இருக்க, தண்டை மிக மெதுவாக இடமும் வலமும் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் லேசாக மாட்டிக்கொள்வது போல விரலுக்குத் தெரிந்தால், மோதலில் குண்டுகள் கிண்ணத்தில் பள்ளம் போட்டுவிட்டன. கிரீஸ் வைத்தால் அது போகாது, செட்டாகத்தான் மாற்ற வேண்டும். சிறிய வண்டிகளில் குண்டுகள் உதிரியாக இருக்கும். தண்டை இறக்கும்போது ஒருவர் கீழே துணி விரித்துப் பிடித்துக்கொள்ளட்டும். விழுந்ததை எண்ணி, மேலே எத்தனை, கீழே எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கையாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, நான் மிக முக்கியமாக நினைக்கும் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இதே போல ஒரு வண்டியை எழுப்பினோம். கடைசி நாள் மாலை. ஒரு நண்பர் முன்பிரேக்கின் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பொருத்தி, இரண்டு போல்ட்டையும் கையால் ஏற்றிவிட்டார். அப்போது இன்னொருவர் "இதை ஒரு நிமிஷம் பிடி" என்று டேங்க் பக்கம் கூப்பிட்டார். அவர் போனார். அந்த இடத்தில் மூன்றாமவர் வந்து உட்கார்ந்தார். போல்ட் ஏறியிருப்பதைப் பார்த்து, முடிந்தது என்று நினைத்து அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நான் ஓட்டிப் பார்க்கப் போனேன். சிறிது தூரத்திலேயே முன்னால் ஒரு உலோகச் சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு போல்ட் பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருந்தால் காலிப்பர் சுழன்று ஸ்போக்கில் மாட்டியிருக்கும். நான்கு பேருமே கவனமானவர்கள், ஒருவரும் அலட்சியமாக இல்லை. தனியாகச் செய்திருந்தால் எங்களில் யாருமே அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டோம். கூட்டமாக வேலை செய்வதில் இருக்கும் ஆபத்து இதுதான்: எல்லோரும் இருக்கிறோம், அதனால் யாரோ செய்திருப்பார்கள்.

அன்றிலிருந்து எங்கள் விதி ஒன்றுதான். கழற்றியவர்தான் பூட்ட வேண்டும். வேலையை ஆட்களின் கைக்குப் பிரிக்காதீர்கள், வண்டியின் பாகத்துக்குப் பிரியுங்கள். முன்பிரேக் ஒருவருடையது என்றால் கழற்றுவது, சுத்தம் செய்வது, பூட்டுவது, இறுக்குவது வரை அவருடையது. மற்றவர்கள் பிடித்துக்கொள்ளலாம், விளக்குக் காட்டலாம், அந்தப் பாகத்து நட்டைத் தொடக் கூடாது. அவர் ஒருநாள் வரவில்லை என்றால் அந்த வேலை அன்றைக்கு நிற்கும். நிற்கட்டும். அவர் முடித்த பிறகு, வேலையில் சம்பந்தப்படாத இன்னொருவர், இறுக்கிய அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டுப் பார்த்து, போல்ட் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இல்லாத போல்ட் இறுக்காத போல்ட். பிறகு எப்போதாவது தளர்ந்தாலும் கோடு விலகித் தெரியும். கையால் மட்டும் ஏற்றிவிட்டு நகர நேர்ந்தால், நகரும் முன் அதில் ஒரு சிவப்பு டேப் ஒட்டிவிட்டுப் போங்கள்.

இறுக்கும் அளவையும் மனக்கணக்குக்கு விடாதீர்கள். கையேட்டில் தனியாக எதுவும் சொல்லாத சாதாரண போல்ட்டுகளுக்கு, பல தயாரிப்பாளர்கள் தரும் பொது அளவு 6 மி.மீ. மரைக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ.க்கு சுமார் 22, 10 மி.மீ.க்கு சுமார் 34. இது மரையின் விட்டம், ஸ்பேனரின் அளவு அல்ல. ஆக்சில், காலிப்பர், எஞ்சின் ஹெட் போன்றவற்றுக்குக் கையேட்டில் தனி அளவு இருக்கும், அதுதான் செல்லும். கையேடு எண்ணெய் போடச் சொல்லாத மரையில் எண்ணெய் போட்டு அதே அளவு முறுக்கினால் போல்ட் அதிகமாக இழுபடும், அலுமினியத்தில் மரையே பிய்ந்துவிடும்.

கழற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வார உற்சாகத்தில் வண்டி முழுவதையும் பிரித்துத் தரையில் பரப்பிவிடாதீர்கள். மீட்க ஆரம்பித்துப் பாதியில் கைவிடப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை இப்படிப் பிரிக்கப்பட்டவைதான் என்பது என் அனுபவம். வேலை இருக்கும் பாகத்தை மட்டும் கழற்றுங்கள், அதை முடித்துப் பூட்டிய பிறகு அடுத்தது. கழற்றும் முன் மூன்று கோணத்தில் படம் எடுங்கள். நட்டு போல்ட்டுகளைச் சிறு பைகளில் போட்டு எந்தப் பாகம் என்று எழுதுங்கள். எஞ்சின் பக்க மூடிக்கு ஒரு நல்ல வழி உண்டு. அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எந்தப் போல்ட் எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே இடத்தில் அட்டையில் குத்தி வையுங்கள். அந்தப் போல்ட்டுகள் ஒரே நீளம் இருக்காது. நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் எஞ்சின் உறையே விரியும்.

எட்டு மாதம் மழையில் நின்ற நட்டுகள் இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே அடித்து வையுங்கள், உடனே அடித்து உடனே திருப்புவதில் பயன் இல்லை. ஜப்பானிய வண்டிகளின் கூட்டல் குறித் தலை திருகுகள் நாம் சாதாரணமாக வைத்திருக்கும் பிலிப்ஸ் திருப்புளிக்கு ஏற்றவை அல்ல. அவற்றுக்கு ஜே.ஐ.எஸ். என்ற தனி அளவு உண்டு. பிலிப்ஸ் போட்டால் வழுக்கி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று இரவல் கிடைத்தால் பாதித் தலைவலி போய்விடும்.

எஞ்சினுக்கு வருவோம். ஸ்டார்ட் ஆகவில்லை என்று கிக்கரை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள். விழுந்து கிடந்தபோது எண்ணெய் சிலிண்டருக்குள்ளும் ஏர் ஃபில்டருக்குள்ளும் போயிருக்கலாம், மழைநீரும் இறங்கியிருக்கலாம். திரவத்தை பிஸ்டனால் அமுக்க முடியாது. பலமாக மிதித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையலாம். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். துளை வழியாகச் சில சொட்டு எஞ்சின் எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் பிளக் துளை வழியாக வெளியே வரும், முகத்தை அங்கே வைக்காதீர்கள். சுலபமாகச் சுற்றினால் பெரிய நிம்மதி. எஞ்சின் எண்ணெயை இறக்கிப் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, புது எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி மறுபடியும் மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். நின்றுபோன வண்டியில் எலியும் பூச்சியும் முதலில் குடியேறும் இடம் அது.

அதன் பிறகு மூன்று கேள்விதான்: பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இருக்கிறதா. எட்டு மாதம் நின்ற வண்டியில் பெரும்பாலும் குற்றவாளி பழைய பெட்ரோல்தான். அது கெட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட் துளைகளில் வார்னிஷ் போலப் படிந்துவிடும். கார்புரேட்டரைப் பிரிக்கும்போது கலவைத் திருகை உடனே கழற்றிவிடாதீர்கள். முதலில் மெதுவாக உள்ளே முடியும் வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டு பிறகு கழற்றுங்கள். திரும்பப் போடும்போது அந்த எண்ணிக்கைதான் வழிகாட்டி. ஜெட் துளையில் கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துளை பெரிதானால் கலவையே மாறிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்று அடித்தால் போதும். கம்ப்ரஷன் பார்க்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். அளவு குறைவாக இருந்தால் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகப்படுங்கள்.

வயரிங் வேலையை உங்களில் மிகவும் பொறுமையான ஒருவரிடம் கொடுங்கள், வேறு யாரும் உள்ளே கை விட வேண்டாம். பேட்டரியில் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனையில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். மோதிய வண்டியில் ஹெட்லைட் கூடுக்குள்ளும் கழுத்துப் பக்கமும் போகும் வயர்கள்தான் நசுங்கியிருக்கும். ஹேண்டிலை முழுக்க இடமும் வலமும் திருப்பிக்கொண்டே விளக்கும் ஹாரனும் விட்டுவிட்டு வருகிறதா என்று இருவராகச் சோதியுங்கள். ஃபியூஸ் எரிந்தால் காரணத்தைத் தேடுங்கள், பெரிய ஃபியூஸ் போடாதீர்கள்.

பிரேக்குக்கு நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். டிஸ்க் கோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தர வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறிய நிலைக்கான தர வரம்பு வெறும் 155. சூட்டில் உள்ளே ஆவி உண்டானால் லீவர் அமுங்கும், வண்டி நிற்காது. அதனால் பழைய எண்ணெயை முழுவதும் மாற்றுங்கள். டாட் 3, 4, 5.1 ஒரே குடும்பம். டாட் 5 என்பது சிலிக்கோன், அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எண்ணெய் பெயின்டில் பட்டால் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பிரேக் குழாயிலிருந்து காற்று எடுப்பது இருவர் வேலை. ஒருவர் லீவரில், ஒருவர் காலிப்பரில் காற்றை வெளியே விடும் பிளீடர் முனையில். லீவரில் இருப்பவர் மெதுவாக அழுத்தி, "பிடிச்சிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர் முனையைத் திறக்க வேண்டும். எண்ணெயும் குமிழியும் குழாய் வழியாகப் போகும். லீவர் ஹேண்டில்வரை போகும், அங்கேயே பிடித்திருக்க வேண்டும். முனையை மூடி "மூடிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் லீவரை விட வேண்டும். ஒரு முறை முந்தி விட்டாலும் வெளியே இருந்த காற்று உள்ளே போய்விடும். மூன்றாமவருக்கு ஒரே வேலை: மேலே இருக்கும் கிண்ணம் காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது. பேச்சைக் குறைத்து இந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு அரை மணி நேரம் போனால், சொதசொதவென்று இருந்த லீவர் கல்லைப் போல இறுகும். நண்பர்களோடு வண்டி வேலை செய்வதில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

லீவர், ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் விஷயத்தில் ஒன்று: இரும்பாக இருந்தால் நிமிர்த்தலாம், அலுமினியமாக இருந்தால் மாற்றுங்கள். நிமிர்த்திய அலுமினிய லீவர் பார்க்க நன்றாக இருக்கும், ஒருநாள் கையோடு வந்துவிடும். அலாய் சக்கரத்தில் விரிசல் இருந்தாலும் இதே பதில்தான், வெல்டிங் வேண்டாம். ஸ்போக் சக்கரமாக இருந்தால் கோட்டம் எடுத்துவிடலாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பக்கச் சுவரில் வெடிப்பு தெரிந்தால் தரையில் படும் பட்டன் மேடுகள் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

டேங்கில் ஒரு எச்சரிக்கை. பள்ளத்தை எடுக்கிறேன் என்று யாராவது நெருப்பைக் கொண்டு வந்தால் தடுத்துவிடுங்கள். பெட்ரோலை இறக்கிவிட்ட டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே நிற்பது ஆவி. உள்துருவுக்கு நான் நம்புவது சலவை சோடாவும் மின்சாரமும். டேங்கை நன்றாகக் கழுவிப் பெட்ரோல் வாடை போன பிறகு, தண்ணீரில் சலவை சோடா கலந்து நிரப்பி, 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவை டேங்கின் உடலிலும், பாசிட்டிவை டேங்கை எங்கும் தொடாமல் உள்ளே தொங்கும் ஒரு இரும்புக் கம்பியிலும் கொடுக்க வேண்டும். ஒரு நாளில் துரு இளகிவிடும். கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் வெளிவரும். ஹைட்ரஜன் வாயு உண்டாகும் என்பதால் திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் மட்டும். முடிந்ததும் கழுவி உடனே உலர்த்தி உள்ளே எண்ணெய் சுழற்றுங்கள், ஈரமாக விட்டால் ஒரு மணி நேரத்தில் புதுத் துரு படியும்.

பட்டி, உப்புத்தாள், பெயின்ட் எல்லாம் கடைசியில். வண்டி ஓடி, நின்று, நேராகப் போவது உறுதியான பிறகு. டேங்கில் அடிக்கும் மேல்பூச்சு பெட்ரோல் தாங்கும் இரட்டைக் கலவை வகையாக இருக்க வேண்டும். அதன் புகையில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கக் கூடாது. சரியான சுவாசக் கருவி இல்லையென்றால் அதை மட்டும் வெளியே கொடுத்துவிடுங்கள்.

நண்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டி உங்களுடையது. அதனால் வேலை நாளில் முதலில் வருவதும் கடைசியில் போவதும் நீங்களாக இருங்கள். அன்றைக்கு என்ன பாகம், அதற்கு வேண்டிய உதிரி வந்துவிட்டதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மூன்று பேரை வரவழைத்துவிட்டு ஒரு ஆயில் சீல் இல்லாமல் உட்கார்ந்திருப்பது அவர்கள் நேரத்துக்குச் செய்யும் மரியாதை அல்ல. இரவல் வாங்கிய ஸ்பேனரை அன்றே துடைத்துத் திருப்பிக் கொடுங்கள். உதிரிகளுக்கு நீங்களே செலவு செய்யுங்கள், அப்போதுதான் எதை மாற்றுவது, எதைத் துடைத்துப் போடுவது என்ற முடிவும் உங்களிடம் இருக்கும். சைலன்சரை மாற்றலாம், ஹேண்டிலைத் தாழ்த்தலாம் என்று யோசனைகள் வரும். அன்பாகக் கேட்டுக்கொண்டு தள்ளிவையுங்கள். இந்தச் சுற்றில் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடி எழுந்தால் போதும். மாற்றங்களையும் பழுதையும் ஒன்றாகக் கலந்தால், பிறகு ஒரு கோளாறு வரும்போது எது காரணம் என்றே தெரியாது.

ஓட்டிப் பார்க்கும் நாளில், விபத்தின்போது அணிந்திருந்த ஹெல்மெட்டை எடுக்காதீர்கள். அடி வாங்கிய ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது. கிளம்பும் முன் மூவரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று, எல்லாப் போல்ட்டிலும் கோடு இருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லட்டும். முதலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக் பிடித்துப் பாருங்கள். அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரான இடத்தில், ஓர் ஆள் ஓடும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக ஓட்டுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, ஹேண்டில் நடுங்குகிறதா என்று கவனியுங்கள். நண்பர் ஒருவர் பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் போகிறதா என்று உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். புது பிரேக் பேட் போட்டிருந்தால் மிதமாகப் பல முறை பிடித்துப் பழக்குங்கள். புது டயர் முதல் 150 கிலோமீட்டர் வரை வழுக்கும், சாய்க்காதீர்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாக் கோடுகளையும் மறுபடி பாருங்கள், 200இல் இன்னொரு முறை. விலகிய கோடு இருந்தால் அந்தப் பாகத்தைப் பூட்டியவரைக் கூப்பிடுங்கள், அவரே வந்து இறுக்கட்டும்.